பவர் அக்கா தேடும் நேர்கோடு

வேலையிலிருந்து வந்ததும் பவர் அக்கா கைப்பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டுவார். முகம் கழுவித் துடைத்துக்கொண்டே சாப்பாட்டு மேசைக்கு வந்து லேப்டாப்பைத் திறப்பார். அதன்பின் அந்த வழியாகப் போகிறவர் யாராக இருந்தாலும் தப்ப முடியாது. மகள், கணவர், எதிர்வீட்டு அம்மா, ஒருமுறை தண்ணீர்க் கேன் இறக்க வந்தவர்கூட நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறார். திரையில் ஒரே புகைப்படம் மாறி மாறி இரண்டு விதமாகத் தெரியும்.

“இதுவா... இதுவா? எது நேரா இருக்கு? அவசரமில்ல, நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

தண்ணீர்க் கேன்காரர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மறுபக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். “ரெண்டுமே உங்க வீடுதானேக்கா?” என்றார். அதற்கும் பவர் அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. தொழில் பழக்கம் அப்படி.

வயது நாற்பத்தெட்டு. ஒரு கண் மருத்துவமனையின் முதல் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், வருகிறவர்களின் கண்ணுக்குப் பவர் பார்ப்பது தொழில். அதனால் தெருவில் அவருக்குப் ‘பவர் அக்கா’ என்று பெயர். வீட்டில் அவருக்கு அந்த அளவுக்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது என்று மகள் சொல்வாள். கணவர் கண்ணை மட்டும் மேலே உயர்த்துவார். பொழுதுபோக்கு, புகைப்படம் எடுத்தல். பொழுதுபோக்கு என்று எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது. அவர் அதில் செலவிடும் பொறுமையைச் சிலர் பிழைப்பில்கூடச் செலவிடுவதில்லை.

மருத்துவமனையின் அந்த அறை பகலிலும் இருட்டாக இருக்கும். எதிர்ச் சுவரில் ஒளிரும் எழுத்துப் பலகை மட்டும் வேறெங்கோ திறக்கும் ஒரு சிறு ஜன்னலைப் போல மிதந்துகொண்டிருக்கும். உள்ளே வந்து உட்கார்ந்தவுடன் மனிதர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அவர்களுடைய மூக்கின்மேல் கனமான வட்டச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டும் எடுத்தும் “இதுவா, இதுவா?” என்று கேட்பார். எழுத்துகள் நீருக்கடியிலிருந்து எழுந்து வருவது போல வரும், திரும்ப அமிழும். எப்போது ஒருவர் குழம்பிப் போய், “தெரியலையே, ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு” என்று சொல்கிறாரோ, அப்போது பவர் அக்கா நிறுத்திவிடுவார். அதுதான் சரியான பவர். இனி மாற்ற ஒன்றுமில்லை என்பதற்கு அதுவே அடையாளம். புதிதாக வருகிறவர்கள் பரீட்சையில் தோற்றுவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்பதும் உண்டு. “நீங்க பாஸ்” என்று சொல்லி அனுப்புவார்.

இப்படி நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைத் திருத்திவிட்டு வெளியே வருகிறவருக்கு, உலகம் முழுவதுமே யாரோ தப்பான வில்லையைப் போட்டுப் பார்ப்பது போலத் தோன்றத் தொடங்கியது கேமரா வாங்கிய பிறகுதான். வீட்டுக் கூடம் சிறியது. பின்னால் நகர்ந்து நிற்க இடமில்லை. அதனால் அகலமாகப் படம் பிடிக்கிற ஒரு வைட் லென்ஸ் வாங்கினார். அது கூடத்தை மண்டபம் ஆக்கியது. ஆனால் கதவு நிலை வில் போல வளைந்தது, அலமாரி வயிறு தள்ளிக்கொண்டது, மூலைகளில் இருட்டு ஒட்டடையாகப் படிந்தது, ஜன்னல் கம்பியின் ஓரத்தில் இல்லாத ஊதா நிறம் ஒன்று மெல்லிய நூலாக ஓடியது. பேருந்தில் போகும்போதுகூட, விளக்குக் கம்பங்கள் அவரைக் கண்டதும் லேசாகக் குனிந்து நிமிர்வதாக அவருக்குப் படும்.

“லென்ஸுன்னா அப்படித்தான். நடுவுல உண்மையப் பேசும், ஓரத்துக்குப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாப் புளுகும். அந்தப் புளுகைத் திருத்தத்தான் சாஃப்ட்வேர்” என்று எதிர்வீட்டு அம்மாவுக்கு விளக்கினார்.

“அப்ப நடுவுல மட்டும் எடுத்துட்டுப் போயேன்” என்றார் அந்த அம்மா.

“குடும்பம்னா ஓரமும் இருக்கும்ல?”

இணையத்தில் இதற்கென்று இருக்கும் சாஃப்ட்வேர்கள் கொஞ்சநஞ்சமல்ல. படித்து, விசாரித்து, புகைப்படக் குழுவில் சண்டை பிடித்து, கடைசியில் மூன்றை மட்டும் வடிகட்டி லேப்டாப்பில் ஏற்றினார். மூன்றுக்கும் வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. கணவர்தான் ஆளுக்கொரு பெயர் வைத்தார்.

முதலாவது, வாத்தியார். எந்த லென்ஸில் எடுத்த படம் என்பதைத் தானே கண்டுபிடித்து, எல்லாக் கோடுகளையும் ஒரே அதட்டலில் நிமிர்த்திவிடும். நிமிர்த்திய பிறகு ஓரங்களில் மிஞ்சுவதை வெட்டி எறிந்துவிடும். அந்த ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காது. இரண்டாவது, சோம்பேறி. இலவசம். தானாக ஒன்றும் செய்யாது. லென்ஸின் பெயரை நாமே ஒரு நீண்ட வரிசையில் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும். பிறகு திரையில் அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டைகளை நகர்த்தி நகர்த்தி வளைவையும் இருட்டையும் ஊதாவையும் ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டும். சொன்னால் கேட்டுக்கொண்டு, யோசித்து, பெருமூச்சு விட்டுச் செய்யும். மூன்றாவது, பார்லர். ஒரே பொத்தான். அமுக்கினால் எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும். என்ன செய்தது என்று மட்டும் சொல்லாது.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலவசமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்ன காலம் முடியப்போகிறது என்று வாத்தியாரும் பார்லரும் திரையின் மூலையில் நினைவூட்டிக்கொண்டே இருந்தன. பவர் அக்கா அவற்றின் வாயை ஒரு சொடுக்கில் மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். திரையில் தெரியும் அலமாரியின் விளிம்பில் ஒரு தாளின் ஓரத்தை ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார். பட்டையை இழுப்பார். கூடம் மெதுவாக மூச்சை உள்ளிழுக்கும், சுவர்கள் குவியும். திரும்ப இழுப்பார். மூச்சை வெளியே விடும், சுவர்கள் நிமிரும். வெகுநேரம் அப்படியே தூங்கும் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“அம்மா, ஒரு கதவுக்கு இவ்வளவு பாசமா? என் மேல வச்சிருந்தா நான் நல்லாப் படிச்சிருப்பேன்” என்பாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

“நிலை கோணலா இருந்தா எனக்குத் தூக்கம் வராதுடி.”

கதவு நிலைக்காக அவர் அத்தனை பாடுபடவில்லை என்பதை வீட்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல, கணவரைப் பற்றிய விவரங்களை முதலில் எழுத வேண்டும்.

கணவர் பேருந்து நிலையத்தில் வேலை பார்க்கிறார். விசாரணைக் கவுண்டரில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர். கண்ணாடித் துளைக்கு அந்தப் பக்கம் ஆயிரம் முகம் வந்து கேட்கும்; இந்தப் பக்கம் ஒரே முகம் சிரித்தபடி பதில் சொல்லும். ஒரு காலையில் பல் துலக்கும்போது வாயிலிருந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தார், முகத்தின் இடப் பாதி தூங்கிக்கொண்டிருந்தது. முகவாதம். பலருக்குச் சில மாதங்களில் முழுவதும் சரியாகிவிடும் என்றார்கள். இவருக்கு முக்கால்வாசி சரியாகி அங்கேயே நின்றுவிட்டது. பேசினால் வாய் வலப்பக்கம் இழுக்கும். சிரித்தால் இன்னும் இழுக்கும். இடக் கண் முழுக்க மூடாது. ‘ப’ என்று சொல்லும்போது உதடு கூடாமல் காற்று கசியும். பேருந்து, பிளாட்பாரம், புறப்படும் நேரம் என்று ‘ப’ இல்லாத வாக்கியமே இல்லாத கவுண்டரில் அவரால் அதன்பின் உட்கார முடியவில்லை. தாமாகவே கேட்டுப் பின்கட்டில் பார்சல் பிரிவுக்கு மாறிக்கொண்டார். மூட்டைகளுக்கு யாரும் முகம் காட்ட வேண்டியதில்லை.

புகைப்படத்திலும் அவர் பார்சல் பிரிவுக்குப் போய்விட்டார். எந்தக் குழுவானாலும் ஓரமாக, முன்னால் நிற்பவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் மறைய நிற்பார். கை தானாக வாயருகே போய்விடும். எடுத்த படத்தைப் பார்க்கமாட்டார். தொலைதூர நகரத்தில் இருக்கும் அவருடைய மூத்த அக்கா வீடியோவில் கூப்பிட்டால், கேமராவை மின்விசிறிப் பக்கம் திருப்பிவிட்டுப் பேசுவார். “நாலு வருஷமா என் தம்பி மூணு றெக்கையோட சுத்திட்டிருக்கான்” என்று அந்த அக்கா சொல்வதுண்டு.

கண் இரவில் மூடாமல் உலர்ந்துவிடக் கூடாது. அதனால் படுக்கப் போகுமுன் அந்த இடக் கண்ணில் பவர் அக்கா சொட்டு மருந்து விட்டு, இமையை விரலால் கீழே இறக்கி, மெல்லிய ஒட்டுத்துணியால் ஒட்டிவிடுவார். இது அன்றாடம். இதில் பேச்சு கிடையாது. விளக்கு மட்டும் சற்று நேரம் கூடுதலாக எரியும்.

பவர் அக்காவின் தம்பி புது அடுக்ககத்துக்குக் குடிபோனபோது எல்லாரும் போயிருந்தார்கள். அறைகலன்கள் இன்னும் பிரிக்கப்படாத அந்தக் கூடத்தில் குளியலறைக் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு, வைட் லென்ஸில், பவர் அக்கா ஒரு குடும்பப் படம் எடுத்தார். வழக்கம்போல் கணவர் இடது ஓரம். வீட்டுக்கு வந்து திரையில் பார்த்ததும் பவர் அக்கா அந்த ஓரத்தைப் பெரிதாக்கினார். ஓரத்தில் இருப்பதை லென்ஸ் வெளிப்பக்கமாக இழுக்கும் என்பது அவருக்குத் தெரிந்ததுதான். நோய் ஏற்கெனவே ஒரு பக்கம் இழுத்த முகத்தை லென்ஸ் மறுபக்கம் இழுத்திருந்தது. துணியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து இழுத்தது போல. மறைந்துகொள்ள அவர் தேர்ந்தெடுத்த இடமே அவரை அதிகமாகக் காட்டிக்கொடுத்திருந்தது.

லென்ஸ் செய்ததை மட்டும் அழித்துவிட வேண்டும். மிச்சம் அவர் முகம், அது அவருடையது. பவர் அக்கா தேடியது இவ்வளவுதான். வெளியே சொல்லும்போது மட்டும் அதற்குக் கதவு நிலை என்று பெயர்.

வாத்தியாரிடம் கொடுத்தார். சுவர் நிமிர்ந்தது, ஓரத்தில் முகம் இன்னும் அகன்றது, போதாதென்று காதோடு சேர்த்து ஒரு துண்டை வெட்டித் தள்ளியது. சோம்பேறியிடம் கொடுத்துப் பட்டையை நகர்த்தினார். முகம் தன் அளவுக்கு வந்தது. அதற்கு விலையாகப் பின்னாலிருந்த அலமாரி தொப்பை போட்டது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் அப்படிப் போயிற்று. வெயில் மேசையிலிருந்து இறங்கி, தரையில் நடந்து, சுவரேறியது. அசந்துபோன பவர் அக்கா கடைசியாகப் பார்லரின் பொத்தானை அமுக்கினார்.

அலமாரி நேர். கதவு நிலை நேர். தரைக்கல்லின் கோடுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையில் நின்றன. மூலை இருட்டு இல்லை, ஊதா இல்லை. ஓரத்து முகமும் அகலவில்லை. தாளின் விளிம்பைத் திரையில் வைத்து நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, “அப்பாடா” என்று குடும்பக் குழுவுக்கு அனுப்பிவைத்தார். எழுந்து போய்த் தேநீர் போட்டார்.

முதலில் பவர் அக்காவின் தம்பிதான் கூப்பிட்டான். “அக்கா, என் ஜென்மத்துல இப்படி ஒரு போட்டோ வந்ததில்ல! சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்து உடைஞ்ச மூக்கு, நேரா இருக்கு! இதையே ஃபிரேம் போடப்போறேன்.”

பவர் அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மூக்கு எப்படி நேராகும் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கணவரின் கைப்பேசி ஒலித்தது. கணவர் சோபாவில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கையில் ஊசி இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வைத்தார். மூத்த அக்கா.

“டேய் தம்பி! எங்கடா வச்சிருந்த இந்த முகத்த இத்தன நாளா? வாய் நேரா வந்துருச்சேடா! நான் அப்பவே சொன்னேன் வரும்னு. எந்த டாக்டருடா? புருஷனும் பொண்டாட்டியும் இப்படிக் கமுக்கமா இருந்துட்டீங்களே! அவ எங்க, கூப்பிடு, காதத் திருகறேன். நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன், நம்ம சித்தப்பா வீட்டுக்கு, பெரியம்மா மகளுக்கு...”

ஊசி துணியிலேயே நின்றது.

“தம்பி? இருக்கியா?”

“இருக்கேன்க்கா.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை வீடியோல வர்றேன். எனக்கு உன் முகத்தப் பாக்கணும். ஃபேனைக் காட்டின, பாத்துக்க. அப்புறம் நான் பஸ் ஏறி வந்துருவேன்.”

“சரிக்கா” என்றார். அந்தச் சொல்லுக்கு உதடு தேவையில்லை. “சரிக்கா, சரி” என்றே மிச்சப் பேச்சையும் முடித்தார்.

மகள் இதற்குள் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். “அம்மா, இங்க பாரு. ‘முகங்களைச் சீராக்கு’ன்னு ஒண்ணு இருக்கு. டிக் அதுவே போட்டு வச்சிருக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீ பாக்கலையா?”

பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். முகத்தின் அகலத்தைப் பார்த்தார். வாயைப் பார்க்கவில்லை. நாளெல்லாம் அடுத்தவர் பார்வையைச் சோதிக்கிறவருக்கு இப்படி ஒரு தப்பு நேரும் என்று அவரே எதிர்பார்த்திருக்கவில்லை. அந்த வாயை அவர் பார்த்துப் பழகி நெடுங்காலம் ஆகிவிட்டிருந்தது. அது கோணல் என்று கண் தனியாகக் குறித்துக்கொள்வதை எப்போதோ நிறுத்திவிட்டது.

கணவர் ஊசியைச் சட்டையில் குத்திவைத்துவிட்டு எழுந்து வந்தார். தம் படத்தைத் தாமாகவே பார்க்க வந்தார். மகள் எழுந்து நாற்காலியை விட்டாள். அவர் உட்காராமல், மேசையில் கையூன்றிக் குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கான்” என்றார். “யாரு இவன்? உனக்குத் தெரிஞ்சவனா?”

“ஏங்க...”

“இல்ல, கேட்டேன். முன்னாடி கவுண்டர்ல இருந்தவன் மாதிரி இருக்கு.”

“தெரியாமப் போயிடுச்சுங்க. நான் கதவத்தான் பாத்தேன். இப்பவே அக்காவுக்குச் சொல்லிடறேன், சாஃப்ட்வேர் பண்ண வேலைன்னு.”

“வேண்டாம். இருக்கட்டும். அக்கா சந்தோஷமா இருக்காங்க.”

அந்த வாரம் வீடு கண்ணாடிக்குள் இருப்பது போல இருந்தது. எல்லாம் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. உறவினர்களிடமிருந்து வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன. பெரியம்மா மகள் கைகூப்பும் படங்களை வரிசையாக அனுப்பினார். கணவர் ஒவ்வொன்றுக்கும் நன்றி என்று பதில் எழுதினார். எழுத்தில் காற்று கசிவதில்லை. இரண்டு முறை அவர் அந்தப் படத்தைத் தனியாகத் திறந்து பார்ப்பதைப் பவர் அக்கா கதவோரமிருந்து கண்டார். ஒருமுறை, குளியலறைக் கண்ணாடியின் முன்னால், விரலால் இடப்பக்க உதட்டின் முனையை லேசாக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். விரலை எடுத்தார். உதடு இறங்கியது. மருத்துவமனையில் அந்த இருட்டறையில் வில்லையை மாற்றும்போதெல்லாம் பவர் அக்காவுக்கு அந்த விரல் நினைவுக்கு வந்தது. ஒரு நாள் ஒருவருக்கு ஒரே வில்லையை இரண்டு முறை போட்டுவிட்டு “இதுவா, இதுவா?” என்று கேட்டார். பவர் அக்கா வாங்கிக் கட்டிக்கொள்ளாதது அந்த நோயாளியின் நல்ல குணம்.

சனிக்கிழமை மாலை, லேப்டாப் திறந்தேயிருந்தது. கணவர் வந்து, வழக்கமாக எல்லாரையும் உட்காரவைக்கும் நாற்காலியைக் காட்டி, “நீ உக்காரு” என்றார்.

“எதுக்கு?”

“உன் கேள்விய நான் கேக்கறேன்.”

இரண்டு படங்கள். ஒன்று பார்லர் செய்தது. இன்னொன்று லென்ஸ் எடுத்தபடியே இருந்தது. கணவர் விசையை அமுக்கி அமுக்கி மாற்றினார். “இதுவா... இதுவா? அவசரமில்ல. நல்லாப் பாத்துச் சொல்லு.”

பவர் அக்கா பார்த்தார். “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்றார்.

“பொய். பேஷண்ட்டு பொய் சொன்னாத் தெரிஞ்சிடும்னு நீதானே சொல்லுவ? திரும்பப் பாரு.”

பவர் அக்கா திரும்பப் பார்த்தார். இந்த முறை நிஜமாகவே பார்த்தார். வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அதன் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து கணவருடைய இடக் கன்னத்தில் விழுந்து, ஒரே மாதிரி அசையாமல் இருந்தது. மகள் உள்ளறையில் பேச்சை நிறுத்திவிட்டு ஒட்டுக்கேட்பது இருவருக்கும் தெரிந்தது.

“பார்லர் பண்ணினது அழகா இருக்கு” என்றார் பவர் அக்கா. “நிஜமா. போன சனிக்கிழமை நீங்க அந்தப் பக்கம் போனப்புறம் திரும்பத் தொறந்து பாத்தேன். ஒரு நிமிஷம் மூச்சே நின்னுடுச்சு. இந்த முகம் திரும்ப வராதான்னு நான் நெனச்சதே இல்லன்னு சொன்னா அதுவும் பொய்.”

கணவர் தலையசைத்தார். விசையின் மேலிருந்த விரலை எடுக்கவில்லை.

“ஆனா இந்தாளுக்கு ராத்திரி கண்ணு தானா மூடிக்கும். சொட்டு மருந்து வேண்டாம், ஒட்டுத்துணி வேண்டாம். படுத்ததும் குறட்டை விட்டுருவான். அப்ப நான் என்னத்தப் பண்றது? விளக்க அணைச்சிட்டுச் சுவத்தப் பாத்துட்டுக் கெடக்கறதா?”

கணவர் சிரித்துவிட்டார். வாய் வலப்பக்கம் ஓடியது. கை வழக்கம்போல மறைக்கப் போனது. விசையை விட்டு எழுந்தது, பாதியில் நின்றது, என்ன செய்வதென்று தெரியாமல் மூக்கைச் சொறிந்தது. உள்ளறையிலிருந்து மகள், “இதெல்லாம் நான் கேக்கலை” என்று கத்தினாள்.

“நாளைக்கு அக்கா வர்றதுக்கு முன்னாடி, வேற ஒரு போட்டோ எடு” என்றார் கணவர். “திருத்தாம அனுப்பு. மொதல்ல அதப் பாத்துடட்டும். அப்புறம் பேசறேன்.”

“லென்ஸ் பண்ற கோணல மட்டுமாவது திருத்திக்கறேனே?”

“அது உன் இஷ்டம். என் கோணல்ல கை வைக்காதே.”

மூன்றில் எது என்ற கேள்வி இத்துடன் முடிந்தது. பவர் அக்கா அன்றே பார்லரையும் வாத்தியாரையும் லேப்டாப்பிலிருந்து அனுப்பிவைத்தார். சோம்பேறி தங்கியது. “அதுக்கு லென்ஸை மட்டுந்தான் தெரியும். ஆளத் தெரியாது. அதுவே போதும்” என்பது எதிர்வீட்டு அம்மாவிடம் அவர் சொன்ன காரணம். புகைப்படக் குழுவில் இதற்காக அவரை இன்றும் கேலி செய்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்து ஜன்னலின் திரையைப் பவர் அக்கா ஒதுக்கிக் கட்டியிருந்தார். வெளிச்சம் தூசியோடு சாய்ந்து இறங்கி, அறையின் நடுவில் ஒரு கம்பளத்தைப் போல விரிந்து கிடந்தது. கேமரா முக்காலியில் நின்றது. மூன்றே பேர். எப்போதும் மகள் நடுவில், கணவர் இடது ஓரம், ஓடிவந்து சேர்ந்துகொள்ள வசதியாகப் பவர் அக்கா வலது ஓரம். அன்று அவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சரியாக நடுவில் போட்டார். கேமராவின் பின்னால் போய்ப் பார்த்தார். திரும்ப வந்து நாற்காலியை இரண்டு விரல்கடை தள்ளிப்போட்டார்.

மகள் அதில் உட்காரப் போனாள்.

“நீ வலப்பக்கம் போ. இடப்பக்கம் நான்.”

“அப்ப இது யாருக்கு?”

பவர் அக்கா கேமராவின் பின்னால் போய்விட்டார். கணவர் தம் பழைய இடத்தில், சுவரோரமாக, ஒரு கையை வாயருகே வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். சட்டை சலவை செய்து மடிப்புக் கலையாமல் இருந்தது.

“அந்த ஓரத்துல நின்னீங்கன்னா இழுக்கும்” என்றார் பவர் அக்கா, கேமராவைக் குனிந்து பார்த்தபடியே. “எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும்.”

“நீ நின்னா உன்னையும் இழுக்குமே?”

“இழுக்கட்டுமே. கொஞ்சம் சதை போட்டா நல்லதுதான்னு உங்கக்கா சொல்லிட்டே இருப்பாங்கல்ல?”

பொத்தானை அமுக்கினார். கேமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு மெதுவாகக் கண்சிமிட்டத் தொடங்கியது. அவர் ஓடிவந்து இடது ஓரத்தில், சுவரை ஒட்டி, கணவர் நின்றிருந்த இடத்துக்கே வந்து நின்றார். இப்போது அங்கே இரண்டு பேருக்கு இடமில்லை. விளக்கு வேகமாகச் சிமிட்டியது. கணவர் அவரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். பிறகு அந்த வெளிச்சக் கம்பளத்தின்மேல் நடந்துபோய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

அவர் நடுவில் இருக்கும் இதற்கு முந்தைய படம் எடுத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.